பல்லு செட்டும் வெள்ளித்தாள் பிளேடும்

ராஜவேலுவைப் போல வெட்டி ஜம்பம் அடிக்கிற ஆளை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. நான் பார்த்த ஆட்களும் கொஞ்சநஞ்சமில்லை. கண்ணமங்கலத்தில் பிறந்து, வேலூரில் நர்சு வேலை படித்தவள் நான். ஜவ்வாது மலைக்குப் போ என்று உத்தரவு வந்ததும் வீட்டில் அத்தனை பேரும் ஒப்பாரி வைத்தார்கள். நான் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். எழுபதுகளின் பாதியில் ஏறியவள், பத்து வருஷத்துக்கு மேல் அங்கேதான் குப்பை கொட்டினேன். பாம்புக் கடி பார்த்தேன், கரடி கிழித்த தோளைத் தைத்தேன், வயிற்றில் குறுக்கே கிடந்த பிள்ளையைத் திருப்பி எடுத்தேன். இவை எதற்கும் எனக்கு எரிச்சல் வந்ததில்லை. காலங்காத்தாலே தாடையில் ரத்தம் வழிய வந்து நிற்கிற ராஜவேலுவைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவன் கலசப்பாக்கத்துக்காரன். அப்பன் வைத்துவிட்டுப் போன நிலத்தில் இறங்கினால் கால் சேறாகிவிடும் என்று, அதை அண்ணன் தலையில் கட்டிவிட்டு, மலைமேல் ஜமுனாமரத்தூர் சந்தை ரோட்டில் கடை போட்டிருந்தான். உப்பு, மண்ணெண்ணெய், பீடி, சோப்பு, கண்ணாடி, சீப்பு, பிளேடு எல்லாம் விற்பான். கடைக்கு எதிரிலேயே எங்கள் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் ஓட்டுக் கூரை போட்ட இரண்டு அறை, அவ்வளவுதான்.

அவனுடைய மாமனார் பட்டாளத்தில் இருந்தவர். சீமையிலிருந்து ஒரு ஷேவிங் செட்டு கொண்டுவந்தவர், பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது அதையும் மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். நல்ல கனமான பித்தளை. பிளேடு உட்காருகிற தட்டின் ஓரத்தில் சீப்பு மாதிரிப் பல் வெட்டியிருக்கும். மலைக்காரர்கள் அதற்குப் 'பல்லு செட்டு' என்றே பேர் வைத்துவிட்டார்கள். பெண்டாட்டியைவிட அதன்மேல்தான் அவனுக்குப் பாசம்.

விடிந்ததும் கடை வாசலில் கண்ணாடியை மாட்டி, ஊரே பார்க்கத்தான் சவரம் செய்துகொள்வான். உள்ளே இடம் இல்லாமல் இல்லை. சந்தைக்கு வருகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும், அதுதான் வேண்டுதல். பெண்டாட்டி வெள்ளையம்மாள் வெந்நீர்ச் சொம்போடு பக்கத்தில் நிற்பாள். பாவம், அந்தக் குளிரில் அவள் அடுப்பு மூட்டி, நீர் காய்ச்சிக் கொண்டுவந்தால், விரலை விட்டுப் பார்த்து, "இன்னாடி இது, காக்கா குளிக்கிற தண்ணியா?" என்று கீழே ஊற்றுவான். அவள் மறுபடியும் உள்ளே போவாள். நானாக இருந்தால் அந்தச் சொம்பாலேயே நடுமண்டையில் ஒன்று போட்டிருப்பேன்.

சவரம் செய்கிறவன் வாயை மூடிக்கொண்டு செய்ய வேண்டும். இவன் பிரசங்கம் செய்துகொண்டே செய்வான். கன்னத்தை ஒரு பக்கம் உப்பிக்கொண்டு, "செட்டுல ராஜா இது. இதுக்கு பிளேடுலயும் ராஜாவத்தான் போடணும். வெள்ளித்தாளு. தொட்டா போதும், மயிரு தானா வந்துரும்" என்பான். சொல்லி வாய் மூடுவதற்குள் சர்ரென்று ஒரு கோடு விழும். நுரையில் சிவப்பு ஊறும். நிற்கிறவர்கள் 'அய்யய்ய' என்பார்கள். "அது செட்டு தப்பு இல்ல. நேத்து சரியா தூங்கல, தோலு தொங்கிக்கிது" என்பான். ஒரு நாள் தூக்கம், ஒரு நாள் வெயில், ஒரு நாள் சாமைச் சோறு. செட்டும் பிளேடும் அவனும் மட்டும் என்றைக்கும் தப்புச் செய்ததே கிடையாது. அப்புறம் ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்து, "நர்சம்மா, சும்மா ஒரு சொட்டு டிஞ்சர்" என்று கழுத்தை நீட்டுவான்.

விஷயம் இதுதான், இதில் ஒரு மந்திரமும் இல்லை. வேலூரில் ஆபரேஷனுக்கு முந்தி நோயாளிகளுக்கு முடி எடுத்துவிடுவது எங்கள் வேலை. பல் வைத்த செட்டில் பிளேடு வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருக்கும், அதுவே வெறியோடு கடிக்கிற ஜாதி. அதில் கொஞ்சம் சாதுவான பிளேடு போட வேண்டும். அந்த நாளில் நீலத்தாளில் சுற்றி வந்த கருத்த பிளேடு அப்படிப்பட்டது. வெள்ளித்தாளில் வந்த புது எவர்சில்வர் பிளேடு பயங்கரக் கூர். அதை, பிளேடை உள்ளே அடக்கி வைத்திருக்கிற லேசான பிளாஸ்டிக் செட்டில் போட்டால் வெண்ணெயாகப் போகும். செட்டு முரடாக இருந்தால் பிளேடு சாது, செட்டு சாதுவாக இருந்தால் பிளேடு முரடு. இரண்டும் முரடாக இருந்தால் கன்னம் கிழியும். பச்சைப்பிள்ளைக்குக்கூடப் புரியும்.

இந்த மேதாவி என்ன செய்தான்? தன் பல்லு செட்டில் வெள்ளித்தாளைப் போட்டுக் கிழித்துக்கொண்டான். பிளாஸ்டிக் செட்டு வாங்குகிற ஏழைபாழைகளுக்கு, "உனக்கு இது போதும்" என்று நீலத்தாளைக் கொடுத்தான். அது மலைக்காரர்களின் முரட்டுத் தாடியில் ஏறாமல், இழுத்து இழுத்துப் பிடுங்கி, மூஞ்சியெல்லாம் தடித்துப்போகும். அவர்களும் என்னிடம்தான் வந்தார்கள். அப்படியே தலைகீழ். ஒரே ஒரு தடவை மாற்றிப் போட்டிருந்தால் ஊரே நிம்மதியாகச் சிரைத்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் பொறுக்காமல் சொல்லியும் பார்த்தேன். "யோவ், உன் செட்டுக்கு நீலத்தாள் போடு. பிளாஸ்டிக்காரங்களுக்கு வெள்ளித்தாள் குடு. எல்லாம் சரியாய்டும்."

அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "நர்சம்மா, ஊசி போடறது உங்க வேல, ஒத்துக்கறேன். தாடி மொளைக்காத பொம்பளைக்கு சவரத்தப் பத்தி இன்னா தெரியும்?"

கடையில் நின்றிருந்தவர்களும் சிரித்தார்கள். அதோடு விட்டேன். சிரை, கிழித்துக்கொள், எனக்கென்ன வந்தது என்று டிஞ்சரை மட்டும் கொஞ்சம் தாராளமாக வைக்க ஆரம்பித்தேன்.

அவன் மூஞ்சியை அவன் கிழித்துக்கொண்ட வரைக்கும் அது அவன் பாடு. தீர்த்தகிரி மூஞ்சியில் கை வைத்தபோதுதான் அது ஊர் பாடாகிவிட்டது.

தீர்த்தகிரி ஆத்திப்பட்டுக்காரன். ஜமுனாமரத்தூரிலிருந்து காட்டுவழியாக நடந்துதான் அந்த ஊருக்குப் போக வேண்டும். சாமை விதைத்து, புளி உலுக்கிப் பிழைக்கிற பையன், வாய் திறந்து பேசமாட்டான். அவனுக்கும் கன்னியம்மாளுக்கும் மாசியில் கல்யாணம் என்று நிச்சயம் ஆகியிருந்தது. கன்னியம்மாளுக்கு முறைமாமன் ஒருவன் இருந்தான், முனியன். பெண்டாட்டி செத்தவன், பெண்ணைவிட இரண்டு மடங்கு வயது. 'எனக்குத்தான் முறை' என்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவனை, ஊர்க்கவுண்டர் பேசிப் பேசி விலக வைத்திருந்தார். விலகினானே தவிர அடங்கவில்லை. ஏதாவது ஒரு தடங்கல் வந்தால் போதும் என்று காத்திருந்தான்.

தடங்கல் வருவதற்கு அந்த ஊரில் வழி இருந்தது. அங்கே ஒரு வழக்கம். மாப்பிள்ளைக்குக் கையில் காப்புக் கட்டியபிறகு தாய்மாமன் அவனைப் பலகையில் உட்காரவைத்துச் சவரம் செய்ய வேண்டும். மடியில் மஞ்சள் துணி விரித்திருப்பார்கள். விழுகிற முடியெல்லாம் அதில் விழ வேண்டும். சவரம் முடிந்ததும் துணியை அப்படியே பெண் வீட்டார் முன்னால் விரித்துக் காட்டுவார்கள். துணியில் மாப்பிள்ளையின் ரத்தம் ஒரு சொட்டு இருந்தாலும் அந்தக் கல்யாணம் அதோடு நின்றது. பெண்ணுக்காகக் கொடுத்த பரியப் பணம் திரும்பிவிடும், பெண் முறைக்காரனுக்குப் போய்விடும். அதனால் தாய்மாமன்கள் கத்தியை எடுத்தால் மூச்சுவிடாமல், பூப்பறிக்கிற மாதிரிச் சிரைப்பார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின சந்தையன்று கன்னியம்மாள் என்னைத் தேடி வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"நர்சம்மா, நீங்க கண்டிப்பா வரணும். மருந்துப் பெட்டியும் எடுத்தாங்க."

"கல்யாணத்துக்கு எதுக்குடி மருந்துப் பெட்டி?"

"அவரோட தாய்மாமன் கத்தி புடிக்கலியாம். கடைக்காரருதான் பல்லு செட்டுல செரைக்கப் போறாராம்." "முனியன் மாமா அத்தக் கேட்டுட்டு சிரிச்சிக்கினே கீறாரு. எனக்கு பயமாக் கீது. அந்தாள் வூட்டுக்கு நான் போமாட்டேன் நர்சம்மா. கெணத்துல வுழுந்துருவேன்."

நேரே கடைக்குப் போனேன். விசாரித்தால், தீர்த்தகிரியின் தாய்மாமன் பஞ்சாட்சரம் சாமான் வாங்க வந்த இடத்தில் இவன்தான் வாயைக் கொடுத்திருக்கிறான். 'இன்னுமா கத்தி? காட்டுமிராண்டிகளா நீங்க? நான் வந்து செரைக்கிறேன், துணி பாலு மாதிரி இருக்கும் பாரு' என்று ஏற்றிவிட்டிருக்கிறான். பஞ்சாட்சரத்துக்குக் கொஞ்ச நாளாகக் கை நடுக்கம். அவரும் தப்பித்தோம் என்று வெற்றிலை பாக்கு வைத்துவிட்டார்.

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன். "ஒரு பொண்ணு வாழ்க்கைய்யா. உன் மூஞ்சியையே உனக்கு ஒழுங்கா செரைக்கத் தெரியல."

"என் தோலு அப்பிடி. பையன் தோலு எருமத் தோலு, ஒன்னியும் ஆவாது."

"நீலத்தாளாவது போட்டுக்கினு போ. உன் கால்ல வுழறேன்."

"கல்யாணத்துக்குப் போயி நீலத்தாளா? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே காறித் துப்பிவிட்டு வந்துவிட்டேன். மருந்துப் பெட்டியில் படிகாரக் கட்டியை எடுத்து வைத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

கல்யாண நாள் காலையில் ஆத்திப்பட்டில் ஒரே பனி. வாசலில் பலகை போட்டு, தீர்த்தகிரியை உட்காரவைத்து, மடியில் மஞ்சள் துணியை விரித்தார்கள். காப்புக் கட்டிய கை துணிமேல் இருந்தது. வழக்கப்படி பக்கத்தில் யாரும் வரக்கூடாது. ஊசி மருந்துக்காரி என்பதால் என்னை மட்டும் விட்டார்கள். பெண் வீட்டார் பந்தலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். முனியன் முன்வரிசையில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராஜவேலு வந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே! இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் துண்டு. அவன் தாடையிலேயே புதுசாக இரண்டு கீறல். பல்லு செட்டை எடுத்து எல்லாருக்கும் காட்டினான். வெள்ளித்தாளைப் பிரித்து, பிளேடைத் தூக்கி மினுக்கிக் காட்டி மாட்டினான். நுரை போட்டு முடித்ததும் தாடியை ஊறவிட வேண்டாமா? அதெல்லாம் இல்லை. உடனே இழுக்க ஆரம்பித்தான்.

ஒரு கன்னம் முடிந்தது. மற்றக் கன்னமும் முடிந்தது. நான் வேண்டாத தெய்வம் இல்லை. மோவாயும் முடிந்து தாடை ஓரத்துக்கு வந்துவிட்டான். தலையைத் திருப்பி, என்னைப் பார்த்து, 'எப்படி?' என்பது போல் புருவத்தைத் தூக்கினான். கேடுகெட்டவன், திரும்பின அந்தக் கணத்தில் கை சறுக்கியது. தாடைக்கு அடியில், காதுக்குக் கீழே, ஒரு கோடு. நான் பாய்ந்து படிகாரத்தை வைத்து அமுக்கினேன். ஆனால் அதற்குள் பொட்டென்று ஒரு சொட்டு மஞ்சள் துணிமேல் விழுந்துவிட்டது.

தீர்த்தகிரி துணியைப் பார்த்தான். அவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. எனக்கு அந்த ராஜவேலுவை அங்கேயே கழுத்தை நெரித்துக் கொன்றால் என்ன என்றிருந்தது.

அந்தப் பக்கத்தில் முனியன் எழுந்துவிட்டான். "இன்னா ஆச்சு? நர்சம்மா இன்னாத்துக்கு ஓடறாங்க?" என்று அவன் வர, பின்னாலேயே ஊர்க்கவுண்டரும் கிளம்பினார்.

நான் ராஜவேலுவைப் பார்த்தேன். அடுத்து அவன் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். 'பையன் ஆடிட்டான், பையன் தோலு சரியில்ல', அதைத்தான் சொல்லப்போகிறான். வருஷக்கணக்கில் தினமும் கேட்ட பாட்டு அது. அவன் முகம் வெளுத்திருந்தது. குனிந்து துணியைப் பார்த்தான். தீர்த்தகிரியைப் பார்த்தான். பந்தல் ஓரத்தில் நின்ற கன்னியம்மாளையும் பார்த்தான் என்று நினைக்கிறேன். மளமளவென்று செட்டைத் திருகிக் கழற்றினான். பிளேடைக் கையில் எடுத்து, கட்டைவிரலில் வைத்து, நான் பார்க்கப் பார்க்க ஒரே இழு. குபுக்கென்று வந்தது. அந்தக் கையை அப்படியே துணிமேல் உதறினான்.

"அய்யோ, அய்யோ! வெரலு போச்சே!" என்று கத்தினான்.

ஊர்க்கவுண்டர் வந்து நின்றார். துணியெல்லாம் சிவப்பு. "யாரு ரத்தம் இது?"

"என்துதான் சாமி. பிளேடக் கழட்டறேன்னு அறுத்துக்கினேன்."

முனியன் விடுவானா? "பொய்யிங்க! மலை முழுக்க பிளேடு விக்கிற ஆளு. செட்டுல ராஜான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியற ஆளு. இவருக்கு பிளேடு கழட்டத் தெரியாதா? இது மாப்பிள்ள ரத்தம்."

எல்லாரும் ராஜவேலுவைப் பார்த்தார்கள். சந்தை முழுக்க அங்கே வந்திருந்தது. அவனிடம் பிளேடு வாங்கியவர்கள், அவன் பிரசங்கத்தைக் கேட்டவர்கள், எல்லாரும் நின்றார்கள்.

"தெரியாதுங்க" என்றான். "எனக்கு கழட்டவும் தெரியாது, மாட்டவும் தெரியாது. எந்த செட்டுக்கு எந்த பிளேடுன்னும் தெரியாது. சும்மா வாய்தான். தெனம் காலையில அறுத்துக்கினு போயி நர்சம்மாகிட்ட நிக்கறேன். அவங்களையே கேளுங்க."

எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. ஊர்க்கவுண்டர், "இன்னாங்கம்மா?" என்றார்.

அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கி வந்தது. நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "ஆமாங்க. இந்த ஆளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. இவர மாதிரி வெட்டி ஆள நான் பாத்ததே இல்ல. செட்டப் புடிக்கத் தெரியாது, பிளேடு எடுக்கத் தெரியாது, வாய மூடத் தெரியாது. இவர போயி கூப்ட்டீங்களே, உங்களச் சொல்லணும்!" என்று கத்தினேன். அதில் ஒரு சொல் நடிப்பில்லை. என் குரலே அதைச் சொல்லியிருக்கும்.

முதலில் பஞ்சாட்சரம் சிரித்தார். அப்புறம் கூட்டமே சிரித்தது. ஊர்க்கவுண்டர் துணியை எடுத்துப் பார்த்து, "கடைக்காரன் ரத்தத்துக்கு இங்க முறை இல்ல. வேற துணி போடுங்க" என்றுவிட்டார். மிச்சமிருந்த மீசை ஓரத்தைப் பஞ்சாட்சரமே நடுங்குகிற கையால் கத்தி வைத்து எடுத்தார். தாடைக்கு அடியில் இருந்த கோட்டைப் படிகாரமும் மஞ்சளும் மறைத்துவிட்டன. உச்சிப்பொழுதுக்குள் தாலி ஏறியது. முனியன் சாப்பிடாமல் போய்விட்டான்.

பந்தியில் ராஜவேலுவை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். "அண்ணே, சோறு பெசையத் தெரியுமா, ஆள் வேணுமா?" என்று ஒருவன் கேட்டான். "எலையப் பாத்து மடிங்க, வெரலு போயிடப் போவுது" என்று இன்னொருவன் சொன்னான். இதே ஆட்கள்தான் அவன் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றவர்கள். கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக்கொண்டு அவனும் கூடவே சிரித்தான். வெள்ளையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அவன் கடையில் பிளேடு வாங்க யாரும் வரவில்லை. செங்கத்துக்குப் போகிற ஆட்களிடம் சொல்லி அனுப்பி வாங்கிக்கொண்டார்கள். 'மாட்டத் தெரியாதவன்' என்றே அவனுக்குப் பேர் நிலைத்துவிட்டது. அதற்காக அவன் திருந்தி உத்தமனாகிவிட்டான் என்று நினைக்க வேண்டாம். வெந்நீரைக் கீழே ஊற்றுவதும், எடை கூட்ட உப்பில் தண்ணீர் தெளிப்பதும் பழையபடியே நடந்தன. அந்தப் புத்தியெல்லாம் எனக்கு இன்றைக்கும் ஆகாது.

இரண்டு மாசம் கழித்து ஒரு காலையில், வழக்கம்போலக் கழுத்தில் ரத்தத்தோடு வந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"யோவ், இன்னுமா? அந்த நீலத்தாளப் போட்டுப் பாத்தா உன் மானம் போய்டுமா? போறதுக்கு இன்னும் இன்னா மிச்சம் கீது?"

அவன் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

"போட்டுப் பாத்தேன் நர்சம்மா. கல்யாணத்தன்னிக்கு ராத்திரியே போட்டேன். நீங்க சொன்னது நெசம்தான். வெண்ணெயாட்டம் போச்சு. ஒரு கீறல் இல்ல."

"அப்பறம் இன்னா கேடு?"

"மறுநாளு முனியன் கடைக்கு வந்தான். ஒன்னியும் வாங்கல. என் மூஞ்சியவே பாத்துக்கினு நின்னான். இப்பவும் சந்தைக்கு சந்தை வர்றான், பாத்துட்டுப் போறான்." தாடையைத் துடைத்துக்கொண்டான். "சுத்தமா செரைச்ச மூஞ்சியோட நின்னா, அன்னிக்கு தெரியாதுன்னவனுக்கு இன்னிக்கு எப்பிடித் தெரிஞ்சிதுன்னு ஊர்க்கவுண்டராண்ட போயி நிப்பான் இல்ல? அந்தப் பொண்ணு இப்பத்தான் முழுகாம கீதாம்."